சேதுக் காசுக்கு எழுபதில் எத்தனை?

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக் காசுகளில் ஒரு பக்கம் மனித உருவம் நிற்கும். மறுபக்கம் நந்தி படுத்திருக்கும், அதன் மேலே பிறை, கீழே தமிழில் ‘சேது’. இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை அல்ல, யாழ்ப்பாண அரசுக்கே உரியவை என்பதை நிலைநாட்டியதில் சுவாமி ஞானப்பிரகாசரின் எழுத்துக்கும், 1924இல் கொட்றிங்டன் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலுக்கும் பெரும் பங்குண்டு. கோட்டகமவில் கிடைத்த, அவ்வரசுக்குரிய தமிழ்க் கல்வெட்டும் அதே ‘சேது’வோடுதான் தொடங்குகிறது. ஆனால் உலகச் சந்தையில் ஓர் அரிய காசு கைமாறும்போது அதன் வரலாற்றை விட முந்திக்கொண்டு வருவது அதன் தரம் பற்றிய ஒரு கேள்வி: எழுபதுக்கு எத்தனை மதிப்பெண்? சேதுக் காசைப் பொறுத்தவரை அந்த எண் எதையும் சரியாக அளப்பதில்லை. அளப்பதாக நாம் நம்பினால் காசுக்கே கேடு.

அந்த அளவுகோல் பிறந்த இடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1949இல் அதை வகுத்தது 1793 முதல் 1814 வரை அடிக்கப்பட்ட அமெரிக்கச் செப்புச் சதங்களுக்காக மட்டுமே. மிகத் தேய்ந்த சதம் ஒரு டொலர் பெறுமானால், குறையற்றது எழுபது டொலர் பெறும் என்ற விலைக் கணக்கே அதன் அடிப்படை. அந்த விலைக் கணக்கு பின்னர் பொருந்தாமற் போனது. எண் மட்டும் தங்கிவிட்டது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்கத் தரப்படுத்தல் நிறுவனங்கள் காசை நெகிழிப் பேழையில் அடைத்து, மேலே அந்த எண்ணைப் பொறித்துக் கொடுக்கின்றன. இயந்திரம் அடித்த, ஆயிரக்கணக்கில் ஒரேமாதிரியான காசுகளுக்கு இது ஓரளவு பொருந்தும். புதிதாக வெளிவந்தபோது அந்தக் காசு எப்படி இருந்தது என்பது தெரியும். ஆகவே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் சொல்லிவிடலாம்.

சேதுக் காசுக்கு அந்தத் தொடக்கப் புள்ளியே இல்லை. கையால் சம்மட்டி கொண்டு அடித்த காசு அது. செப்புத் தட்டு அச்சை விடச் சிறியதாக இருந்தால் ‘சேது’வில் பாதி விளிம்புக்கு வெளியே போய்விடும், அடி சரிந்து விழுந்தால் நந்தியின் தலை எழும்பாது, அச்சுத் தேய்ந்திருந்தால் அன்றைக்கே அடித்த காசும் மழுங்கலாகத்தான் வெளிவரும். இவை எதுவும் கைபட்டுத் தேய்ந்த தேய்மானம் அல்ல. அதன் பிறகு மண்ணின் வேலை தொடங்குகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு கடல் சூழ்ந்த சுண்ணக்கல் நிலம். காற்றிலும் பல இடங்களில் நிலத்தடி நீரிலும் உப்பு. உப்பிலுள்ள குளோரைட்டு செப்போடு சேர்ந்து காசின் உள்ளே தங்கிக்கொள்ளும். தோண்டி எடுத்து ஈரக்காற்றில் வைத்ததும் அது ஒட்சிசனோடும் நீரோடும் வினைபுரிந்து இளம்பச்சைத் தூளாக உதிரும். அந்த வினையில் உருவாகும் அமிலம் அடுத்த படலச் செப்பைத் தின்னும். அதிலிருந்து மீண்டும் குளோரைட்டு. வெண்கல நோய் என்று தொல்பொருள் பேணுநர் அழைக்கும் இந்தச் சுழற்சி, ஈரத்தைக் கட்டுப்படுத்தாதவரை நிற்பதில்லை. ஆக, ஒருவர் கையில் இருக்கும் மங்கிய சேதுக் காசில் அச்சின் குறை எவ்வளவு, அடியின் குறை எவ்வளவு, புழக்கத் தேய்வு எவ்வளவு, உப்பு தின்றது எவ்வளவு? நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது, காய்ச்சலையும் உயரத்தையும் கூட்டி நோயாளியின் நிலையைச் சொல்வது போன்றது.

இதைவிட எனக்குக் கவலை தருவது அந்த எண் தூண்டும் காரியம். எழுத்துத் தெளிவாகத் தெரிந்தால் விலை கூடும் என்றால், புளி போட்டுத் தேய்க்கும் ஆசையும் கூடும். புளியிலுள்ள தாத்தாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும்; பல சமயம் அந்தக் களிம்புப் படலத்தில்தான் அச்சின் நுண்கோடுகள் தங்கியிருக்கும், அடியிலிருக்கும் செப்பில் அல்ல. இரண்டு காசுகள் ஒரே அச்சில் அடிக்கப்பட்டவையா என்பதை அந்தக் கோடுகளை வைத்தே முடிவு செய்கிறோம். ஓர் அக்கசாலை எத்தனை அச்சுகளைப் பயன்படுத்தியது என்று மதிப்பிட்டு, அரசின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவதும் அங்கிருந்துதான். ஒன்றிரண்டு பிரதிகள் மட்டுமே அறியப்பட்ட வகையில் ஒரு காசைத் தேய்த்துவிட்டால், ஒப்பிட வேறொன்று இல்லை.

எண் இல்லாவிட்டால் விற்பவர் சொல்வதே வேதமாகிவிடும் என்பார்கள். இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. போலிகள் பெருகிய சந்தையில் மூன்றாமவரின் தீர்ப்பு வேண்டும்தான். ஆனால் போலியா அசலா என்பது ஒரு கேள்வி, எழுபதுக்கு எத்தனை என்பது இன்னொரு கேள்வி. பின்னதில் அந்த மூன்றாமவரே உறுதியாக நிற்பதில்லை: அதே காசைப் பேழையை உடைத்து எடுத்து, கூடுதல் எண் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மீண்டும் அனுப்புவது சேகரிப்பாளரிடையே நன்கறிந்த வழக்கம். விலை இருப்பதால்தானே காசு உருக்குப் பட்டறைக்குப் போகாமல் தப்புகிறது என்ற வாதம் இன்னும் வலுவானது. அதை நான் மறுக்கவில்லை. விலை எதைச் சார்ந்து ஏறுகிறது என்பதே என் கேள்வி. பளபளப்பைச் சார்ந்து ஏறினால் புளி வெல்லும். கிடைத்த இடத்தின் பதிவைச் சார்ந்து ஏறினால் அந்தப் பதிவைப் பேண ஒரு காரணம் கிடைக்கும். பேழை உப்புக்காற்றைத் தடுக்காதா என்றால், ஓரளவு தடுக்கும். ஆனால் உள்ளே தங்கிவிட்ட குளோரைட்டை அது வெளியேற்றாது, அடைத்த காசை மீண்டும் நிறுக்கவும் முடியாது.

மாற்று வழி கற்பனை அல்ல. அமெரிக்காவின் என்.ஜி.சி. தரப்படுத்தல் நிறுவனமே பண்டைய காசுகளுக்குத் தேய்மானத் தரத்தோடு, அடியின் நேர்த்திக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண்ணும் மேற்பரப்பின் நிலைக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண்ணும் தனித்தனியாகத் தருகிறது. ஒற்றை எண் போதாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது. யாழ்ப்பாணக் காசுக்கு அதோடு மூன்றைச் சேர்க்க வேண்டும்: துப்புரவாக்கும் முன் எடுத்த படமும் நிறையும், அச்சின் அடையாளம், கிடைத்த இடம். கடைசியாகச் சொன்னதன் பெறுமதியைக் குடாநாட்டின் தொல்லியல் தலமான கந்தரோடை காட்டியது. வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் 1917இலும் 1919இலும் வெளியிட்ட கட்டுரைகளில் அங்கிருந்து பதிவான முத்திரைக் காசுகளும் இலட்சுமித் தகடுகளும் உரோமக் காசுகளும் அழகுக்காகப் பேசப்படவில்லை. ஒரே நிலத்தில் அவை சேர்ந்து கிடந்ததால்தான் குடாநாட்டின் பழைய வணிகத்துக்குச் சான்றாயின. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத் தொல்பொருளாக வரையறுப்பதால், வீட்டுக்காணியில் மண்வெட்டியில் தட்டுப்படும் சேதுக் காசும் அதில் அடங்கும். அதைக் கழுவாமல், எந்தக் காணியில் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்போடு, உலர்ந்த காகித உறையில் இட்டுத் தொல்பொருள் திணைக்களத்திடம் கொண்டுபோய்க் கொடுப்பதே முதல் தரப்படுத்தல்.