சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு

ஓடும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. நாமகிரிப்பேட்டையில் கிளம்பிய வண்டி ராசிபுரம் வரை சீராக வருகிறது. பஸ் ஸ்டாண்டு நெரிசலைக் கண்டு ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்சைப் பிடித்ததும் இன்ஜின் அணைந்துவிடுகிறது. பட்டனை அழுத்தினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அடுத்த வேகத்தடையில் மறுபடியும் நிற்கிறது. சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, அதற்கு ஈடாக பெட்ரோலைக் கூட்ட ‘ஃபியூவல் கன்ட்ரோலர்’ என்ற சின்னப் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் மாட்டிய வண்டிகளில் அடிக்கடி வரும் புகார் இது. பெட்டியை விற்றவர் வண்டியில் கோளாறு என்பார். வண்டிக் கம்பெனி சர்வீஸில் பெட்டியால்தான் கோளாறு என்பார்கள். இந்த வழக்கில் யாரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. அறுபதில் போகும்போது நிற்காத வண்டி, சும்மா நிற்கும்போது ஏன் நிற்கிறது?

ஐடிலில் இருக்கும் இன்ஜின் ஓய்வெடுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பெட்ரோலை அளந்து கொடுக்கும் கம்ப்யூட்டருக்கு அதுதான் மிகக் கடினமான நேரம். 350 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,300 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பெட்ரோல் வேண்டும். அதாவது 92 மில்லி செகண்டுக்கு ஒரு முறை. ஐடிலில் த்ராட்டில் மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் போகும் காற்று ஏறக்குறைய நூறு மில்லிகிராம்தான். அதற்குத் தேவையான பெட்ரோல் ஏழெட்டு மில்லிகிராம். கண்ணுக்கு மருந்து விடும் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு. அதை இன்ஜெக்டர் என்னும் மின் வால்வு, சில மில்லி செகண்டு மட்டும் திறந்து மூடி, பனிப்புகை போல் பீய்ச்சுகிறது. இதை மணிக்கணக்கில், ஒரு நிமிடத்துக்கு 650 தடவை, தவறாமல் செய்ய வேண்டும்.

கார்பரேட்டர் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் காற்றின் கையில் இருந்தது. குறுகிய வாயில் காற்று வேகமெடுக்கும். அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவு பெட்ரோலை ஜெட் வழியாக மேலே இழுக்கும். மெக்கானிக் ஏர் ஸ்குரூவை ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துவிட்டு, காதால் கேட்டே ஐடிலைச் சீராக்குவார். அழகான கருவி அது. ஆனால் புகைக்குழாயில் என்ன வெளியேறுகிறது என்று அதற்குத் தெரியாது. அந்த அறிவைக் கொடுத்தது லாம்டா சென்சார் எனப்படும் ஆக்ஸிஜன் சென்சார். போஷ் நிறுவனம் உருவாக்கிய அது 1976-ல் வோல்வோ காரில் முதலில் ஏறியது. இந்தியாவில் 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ வந்தபோது, இன்ஜெக்‌ஷன் வைத்த பைக் என்பதே புதுமை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 மாசு விதி கட்டாயமானதும் நிலைமை மாறிவிட்டது. மஞ்சள் மூட்டையை ஏற்றிக்கொண்டு காட்டுக்கும் களத்துக்கும் போய்வரும் நூறு சிசி வண்டிக்குள்ளும் இன்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரை ஈசியு என்கிறார்கள். கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, உறிஞ்சும் குழாயில் அழுத்தம் என்ன, இன்ஜின் எவ்வளவு சூடு என்று நான்கைந்து சென்சார்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்ஜெக்டரைத் திறக்கும் நேரத்தை அது முடிவு செய்கிறது. பிறகு சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரிடம் விளைவைக் கேட்கிறது. சென்சார் 0.45 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெட்ரோல் அதிகம், கீழே காட்டினால் குறைவு. சுத்தமான பெட்ரோல் ஒரு கிராம் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அந்த எல்லைக் கோட்டில் வண்டியைப் பிடித்து வைப்பதுதான் சென்சாரின் வேலை. அந்தக் கோட்டில் இருந்தால்தான் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யும்.

கன்ட்ரோலர் இந்த இடத்தில்தான் நுழைகிறது. ஈசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்கார்ந்து, ‘மூன்று மில்லி செகண்டு திற’ என்று வரும் உத்தரவைச் சற்று நீட்டி அனுப்புகிறது. பெட்ரோல் கூடுகிறது. ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்து ஈசியுவிடம் சொல்கிறது. ஈசியு தன் உத்தரவைக் குறைக்கிறது. ஒரே குழம்புக்கு மாமியார் உப்புப் போட, மருமகள் ருசி பார்த்துத் தண்ணீர் ஊற்றும் கதைதான். இருவருமே நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினில் இந்தச் சண்டை இருக்காது. ஏனென்றால் ஆக்ஸிஜன் சென்சார் ஏறக்குறைய 300 டிகிரி சூடேறிய பிறகுதான் பேசத் தொடங்கும். ஆகவே வீட்டு வாசலில் நன்றாக நின்று ஓடிய வண்டி, சில கிலோமீட்டர் போன பிறகு நிற்க ஆரம்பித்தால் சந்தேகம் முதலில் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

சண்டையே வேண்டாம் என்று ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதில் ஒரு பொய்க் கப்ளரை மாட்டச் சொல்லும் கருவிகளும் உண்டு. இங்கே நம் ஊர் பெட்ரோல் குறுக்கே வருகிறது. பம்பில் இப்போது நாம் போடுவது எத்தனால் 20 சதவீதம் கலந்த ஈ20. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்கு 9 பங்கு காற்றே போதும். கணக்குப் போட்டால் ஈ20-க்குத் தேவை 13.5 பங்கு; பத்து சதவீதக் கலப்புக்கு 14.1. அதாவது பத்து சதவீதக் கலப்பைவிட அதே காற்றுக்கு ஏறக்குறைய நான்கு சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும். கம்பெனி வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துத் தானே சரிசெய்துகொள்கிறது. சென்சாரைக் கழற்றிய வண்டியில் சொல்ல ஆள் இல்லை. வேறு நாட்டுப் பெட்ரோலுக்கு எழுதிய அளவு அட்டவணையைக் கன்ட்ரோலரில் இறக்கினால் பெட்ரோல் பற்றாமல் ஐடிலில் அணைவதில் ஆச்சரியம் இல்லை.

ஐடிலில் மட்டும் சாவதற்கு இன்னும் நுட்பமான காரணங்கள் இருக்கின்றன. எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

இன்ஜெக்டருக்கு மின்சாரம் போனதும் அது உடனே திறந்துவிடாது. உள்ளே இருக்கும் ஊசி அசைய ஏறக்குறைய ஒரு மில்லி செகண்டு ஆகும். பெரிய வேகத்தில் பத்து மில்லி செகண்டு திறந்திருக்கும்போது இந்தத் தாமதம் கணக்கில் வராது. ஐடிலில் மொத்தமே இரண்டு மூன்று மில்லி செகண்டுதான். தாமதமே அதில் கணிசமான பங்கு. பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் தாமதம் இன்னும் நீளும். கன்ட்ரோலரின் எர்த் ஒயரைப் பெயின்ட் அடித்த இரும்பில் திருகி வைத்திருந்தால், சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அந்த அளவு பாதியாகிவிடலாம்.

கிராங்க் சென்சார் பல வண்டிகளில் காந்தமும் சுருளும் கொண்டது. எதிரே பல் ஓடும் வேகத்துக்கு ஏற்பத்தான் அதில் மின்சாரம் பிறக்கும். வேகத்தில் வலுவான சிக்னல், ஐடிலில் பலவீனமானது. பற்றவைப்பு நேரத்தையும் மாற்றும் பெட்டிகள் அதே ஒயரில் தாமும் ஒட்டிக்கொண்டு கேட்கின்றன. ஜாயின்ட் சரியில்லை என்றால், அல்லது ஒயர் இக்னிஷன் காயில் பக்கமாக ஓடினால், பலவீனமான அந்தச் சிக்னல் இரைச்சலில் தொலைந்துபோகும். ஈசியுவுக்கு இன்ஜின் நின்றுவிட்டதாகவே படும், பொறியை நிறுத்திவிடும்.

அழுத்தம் அளக்கும் சென்சாருக்குப் போகும் சின்ன ரப்பர் டியூப் இன்னொன்று. டேங்க்கைத் தூக்கி வேலை பார்க்கும்போது அது நழுவினால் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். த்ராட்டிலை முழுதும் முறுக்கும்போது குழாயிலும் ஏறக்குறைய அதே அழுத்தம்தான் இருக்கும். ஆகவே தவறு தெரியாது. ஐடிலில் குழாய்க்குள் அழுத்தம் பாதிக்கும் கீழே இருக்க வேண்டும். ஈசியுவோ முழு பாரத்தில் மேடேறுவதாக எண்ணி பெட்ரோலைக் கொட்டும். இன்ஜின் நனைந்து நிற்கும்.

சிக்னல் எல்லாம் மிகச் சிறிதாக இருக்கும் நேரம் ஐடில். அதனால்தான் சின்னத் தவறும் அங்கே பெரிதாகிறது.

சரி, எங்கிருந்து தேடுவது? அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: “டக்குனு ஆஃப் ஆகுதுங்களா, இருமி இருமி நிக்குதுங்களா?” சாவியைத் திருப்பியது போல் அணைந்தால் மின்சாரம்: எர்த், கப்ளர், கிராங்க் சிக்னல். அணையும் நொடியில் ஆர்பிஎம் முள் ஒரேயடியாகப் பூஜ்யத்தில் விழுந்தால் கிராங்க் சிக்னல் மேல் சந்தேகம் கூடும். இருமித் தள்ளாடி நின்றால் பெட்ரோலோ காற்றோ. ஸ்கேனர் வருவதற்கு முன்பே பாதிக் கோளாறைப் பிரித்துவிடும் கேள்வி இது. லாரிகளின் டீசல் பம்ப்பைக் கழற்றிக் காலிபரேஷன் பார்த்துப் பழகிய நாமக்கல் மாவட்டத்துப் பட்டறைகளுக்கு எரிபொருளை அளப்பது புதிய வேலையும் அல்ல.

அடுத்து, பெட்டியை முழுதாகக் கழற்றி, கம்பெனிக் கப்ளர்களைப் பழையபடி சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் நின்றால் பெட்டி குற்றவாளி அல்ல. மாட்டும்போது வேறெதையோ கலைத்திருக்கிறார்கள். நழுவிய டியூப், லூசான பேட்டரி டெர்மினல், டேங்க் அடியில் நசுங்கிய காற்றுக் குழாய். கடைசியில் சொன்னதைக் கண்டுபிடிப்பது எளிது. வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்க்குக்கு மூச்சு அடைத்திருக்கிறது, பம்ப் தோற்றுப்போகிறது.

பெட்டியைக் கழற்றியதும் சரியாகிவிட்டால், மறுபடி மாட்டி, அதன் அட்டவணையில் எல்லாக் கட்டங்களையும் பூஜ்யமாக்கி ஓட்ட வேண்டும். ஆர்பிஎம் ஒரு பக்கம், த்ராட்டில் ஒரு பக்கம், நடுவே எத்தனை சதவீதம் கூட்டவோ குறைக்கவோ என்ற எண்கள், அதுதான் அட்டவணை. பூஜ்யத்தில் ஒழுங்காக ஓடினால் ஒயரிங்கில் குறையில்லை, எண்களில்தான் குறை. பூஜ்யத்திலும் நின்றால் ஒயரிங். இந்த ஒரு சோதனை ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். மூடிய த்ராட்டிலின் வோல்டேஜைக் கருவிக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது அரை வோல்ட் அளவில் இருக்கும். கருவி அதைச் சற்றுத் திறந்த த்ராட்டில் என்று எடுத்துக்கொண்டால் ஐடிலுக்குப் பக்கத்துக் கட்டத்தின் எண்ணைப் போடும்.

கப்ளரைச் சேர்க்கும் முன் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வரிசையாக நிற்கும் பின்களில் ஒன்று மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கலாம். அவசரத்தில் கோணலாக அழுத்தியதில் பின்வாங்கிய பின் அது. வெளியே கிளிப் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். உள்ளே தொட்டும் தொடாமலும் இருக்கும். ஐடிலின் குலுக்கலில் விட்டுவிட்டுத் தொடர்பு அறும். சின்ன ஊசியால் பூட்டை நிமிர்த்திப் பின்னை முன்னே தள்ளினால் காசில்லாமல் தீரும் கோளாறு.

டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தால் எரர் கோடு என்ன என்று பாருங்கள். பி0171 என்றால் பெட்ரோல் பற்றவில்லை, பி0172 என்றால் அதிகம் என்று ஈசியு சொல்கிறது. பெட்டி சொல்வதை நம்பி வண்டி சொல்வதை அழிப்பது கெட்ட பழக்கம். அதைவிடக் கெட்டது, ‘பவர் சிப்’ என்ற பெயரில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ரெசிஸ்டர். இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சார் குளிர்ச்சியில் மின்தடையைக் கூட்டிக் காட்டும் ரகம். அந்த ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால், சேலத்துச் சித்திரை வெயிலிலும் ஈசியு மார்கழி என்று நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். முதல் சில நாள் வண்டி துள்ளும். பிறகு ப்ளக் கரியாகும், பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும், எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்ட்டுக்குள் எரிந்து அதைச் சுட்டழிக்கும். அதை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இத்தனை மாற்றமும் செய்யாத சாதாரண வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறிப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டை எட்டும்போது காற்று சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். கார்பரேட்டர் காலமாக இருந்தால் மேலே போகப்போகப் பெட்ரோல் மிகுந்து வண்டி திணறும். இன்று வளைவுக்கு வளைவு ஈசியு அழுத்தத்தைக் கேட்டு, பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறது. ஓட்டுபவருக்குத் தெரிவது குளிர்காற்று மட்டும்.

கன்ட்ரோலர் மாட்டவே கூடாது என்பதல்ல என் கருத்து. சைலன்சரும் ஃபில்டரும் மாறி காற்றோட்டம் நிஜமாகவே கூடியிருந்தால், நல்ல கருவிக்கு வேலை இருக்கிறது. ஆனால் வாங்கும் முன் கடைக்காரரிடம் மூன்றைக் கேளுங்கள்: என் வண்டியின் மாடலுக்கும் ஈ20-க்கும் எழுதிய அட்டவணை இருக்கிறதா, ஆக்ஸிஜன் சென்சார் அப்படியே வேலை செய்யுமா, ஒயரை வெட்டாமல் கப்ளரோடு கப்ளராக மாட்டலாமா? மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் வாங்காதீர்கள். வெட்டிய ஒயரைக் கம்பெனியிலிருந்து வந்தபடியே திருப்பிச் சேர்க்க எந்த மெக்கானிக்காலும் முடியாது.