ஏரிக்கரைக்குப் போன நீதிபதி

2023 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்திலுள்ள வாச்சாத்திக்கே போய் இடத்தை நேரில் பார்த்தார். மேல்முறையீட்டைக் கேட்கும் நீதிபதி சம்பவ இடத்துக்குப் போவது நம் நாட்டில் அபூர்வம். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் நுழைந்தார்கள். ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், ஏரிப் பக்கம் கொண்டுபோய் 18 பெண்களைச் சீரழித்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் அரசுத் தரப்பு அப்போது சொன்னது. 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. இதற்கு அடித்தளம் அந்தப் பெண்கள் கூண்டில் ஏறிச் சொன்ன வார்த்தைகள்.

உயிர் தப்பியவர்களின் சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்ற கேள்வி வாச்சாத்தியோடு நிற்பதில்லை. 1963 முதல் 1965 வரை ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வேலை பார்த்தவர்கள் மீதான வழக்கு நடந்தது. முகாமிலிருந்து மீண்ட இருநூறுக்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். அது எந்தத் தேதி, எந்த மாதம், நீ நின்ற இடத்திலிருந்து அது தெரியுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் அவர்களைக் குடைந்தார்கள். கடிகாரமும் காலண்டரும் பறிக்கப்பட்டவர்களிடம் தேதி கேட்டார்கள்! 1964 டிசம்பரில் ஒரு நீதிபதியும் இருதரப்பு வக்கீல்களும் முகாம் இருந்த போலந்துக்கே போய், எங்கிருந்து எது தெரியும் என்று நின்று பார்த்தார்கள். வாச்சாத்தியில் நீதிபதி செய்ததும் இதே காரியம்தான். சாட்சியின் நினைவில் தேதி நழுவலாம். ஏரியும் மரமும் நழுவாது. சில்லறை முரண்பாடுகளை வைத்துச் சாட்சியத்தைத் தள்ளிவிடக் கூடாது, மனித நினைவு புகைப்படம் அல்ல என்று நம் உச்ச நீதிமன்றமும் 1983இலேயே ஒரு குஜராத் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் கீழ்க்கோர்ட்டுகளில் பழைய சூழ்ச்சி ஓயவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் சொல்லிக்கொடுத்த பாடம். ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னால் பொய். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் கோர்ட்டுக்குப் பஸ் ஏறும் கூலித்தொழிலாளியும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாட்சியை நம்ப வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ட்ரெப்ளிங்கா என்ற இன்னொரு நாஜி முகாமின் கொடூரக் காவலன் இவன்தான் என்று மீண்டவர்கள் அடையாளம் காட்டியதை நம்பி, 1988இல் இஸ்ரேல் நீதிமன்றம் ஜான் டெம்யான்யுக்குக்கு மரண தண்டனை விதித்தது. அந்தக் காவலன் வேறொருவனாக இருக்கலாம் என்று சோவியத் ஆவணங்கள் காட்டவே, 1993இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நல்ல மனதோடு சொன்ன சாட்சியும் ஆளை மாற்றிக் காட்டிவிடலாம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ட்ரெப்ளிங்காவில் கொலைகள் நடந்தன என்பது அந்தத் தீர்ப்பால் அசையவில்லை. தவறு அடையாளத்தில், அதுவும் முப்பது வருடத்துக்குப் பிறகு போட்டோக்களை வைத்துக் கேட்டதில். வாச்சாத்திப் பெண்கள் பார்த்தது கண நேர முகங்களை அல்ல. பட்டப்பகலில் பார்த்தார்கள், அன்றிரவு அரூர் வனத்துறை அலுவலகத்தில் அதே ஆட்களின் பிடியில் கிடந்தார்கள். ஆகவே நினைவை நம்பலாமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு சீக்கிரம் கேட்டோம், இடத்தோடு ஒத்துப்போகிறதா என்றே கேட்க வேண்டும். காலம் கடத்தியது சாட்சிகள் அல்ல. கடத்தியவர்களே அந்தக் காலதாமதத்தைக் காட்டிச் சந்தேகத்தின் பலனைக் கேட்பது என் கண்ணில் இரண்டாவது அநியாயம்.

2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் வாச்சாத்திக் குற்றவாளிகளின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 31 வருடத்தில் அந்தப் பெண்களில் சிலர் காலமாகியிருந்தார்கள். அவர்களுக்கு உரிய தொகையைக் குடும்பத்தாரிடம் கொடுக்கும்படி தீர்ப்பில் எழுத வேண்டியிருந்தது.