கிண்ணங்களை மட்டும் எண்ணினால் போதுமா?

மன்னாரிலிருந்து மதவாச்சி செல்லும் வீதியில் உள்ள உயிலங்குளத்தை ஒரு காலத்தில் வெளியூரவர்கள் சோதனைச்சாவடியாகவே அறிந்திருந்தார்கள். 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் பின்னர், இரு தரப்பினரின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடையிலான நுழைவாயில்களில் ஒன்றாக அது இருந்தது. பொழுதுபட முன்னர் பெண்பிள்ளையை வீட்டுக்குள் சேர்த்துவிட வேண்டும் என்ற பயம் அந்த நாட்களில் தாய்மாரின் நெஞ்சில் ஊறிப்போனது. 2009இல் போர் முடிந்தது. அந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள் இன்று சாதாரண தரம், உயர்தரம் என்று வளர்ந்துவிட்டார்கள். "அம்மா, பின்னேரம் வலைப்பந்தாட்டப் பயிற்சி இருக்கு, ஐந்தரைக்குத்தான் வருவன்" என்று மகள் சொல்லும்போது, அந்தப் பழைய பயம் மீண்டும் தலை தூக்குகிறது.

தனியே நின்று குடும்பம் நடத்தும் தாய்க்கு இது சிறிய விடயமல்ல. யாரை நம்பிப் பிள்ளையை விடுவது? "அந்த ரீச்சர் போன வருசம் பிள்ளைகளை மாகாண மட்டம் வரைக்கும் கொண்டுபோனவ" என்று யாராவது சொன்னால் மனம் சற்று ஆறுதலடைகிறது. ஆனால் ஒரு பயிற்றுவிப்பாளரை அளப்பதற்கு வெற்றி மட்டும் போதுமான அளவுகோலா? சகோதரிகளே, இதைச் சற்று ஆராய்வோம்.

சீருடை கழுவிய பயிற்றுவிப்பாளர்

கல்லூரிப் பெண்களின் விளையாட்டு பெரிதாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கேதான் 1891இல் கூடைப்பந்தாட்டம் தோன்றியது. அது இங்கிலாந்துக்குப் போய், பெண்களுக்காக மாற்றியமைக்கப்பட்டு, இன்று நமது பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டமாகியது. ஆகவே இரண்டும் அக்கா, தங்கை போன்றவை.

பற் சமிற் என்பவர் 1952இல் அந்நாட்டின் டெனிசி மாநிலத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தார். அவர்களுடைய ஊர்ப் பாடசாலையில் பெண்கள் அணி இருக்கவில்லை. மகள் விளையாட வேண்டும் என்பதற்காகவே பெற்றோர் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். 1974இல், 22 வயதில், அவர் டெனிசிப் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். மாதச் சம்பளம் 250 டொலர். அணியின் சீருடைகளைத் தானே கழுவினார். வெளியூர்ப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வானையும் தானே ஓட்டினார். 38 பருவகாலங்கள் பணியாற்றி 1,098 போட்டிகளில் வெற்றி பெற்றுக்கொடுத்தார். அவருடைய அணி எட்டுத் தடவைகள் தேசிய வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றது.

ஆனால் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் தவறாமல் சொல்லும் இன்னொரு கணக்கு உண்டு. அவரிடம் தமது முழு விளையாட்டுக் காலத்தையும் நிறைவு செய்த மாணவிகள் அத்தனை பேரும் பட்டம் பெற்றே வெளியேறினார்கள். இது தானாக நடந்துவிடவில்லை. அவருடைய அணிப் பிள்ளைகள் விரிவுரைக்குப் போகாமல் தட்டிக்கழிக்க முடியாது. போனாலும் முதல் மூன்று வரிசைகளுக்குள் அமர வேண்டும். பந்து கைவிட்டுப் போன பிறகும் வாழ்க்கை நீண்டு கிடக்கிறது என்பதை அவர் மறக்கவில்லை. அவரிடம் பயின்ற பலர் பின்னர் தாங்களே பயிற்றுவிப்பாளர்களாகி, அடுத்த தலைமுறைப் பெண்களை வளர்த்தார்கள்.

2011இல் தமக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதை அவர் மறைக்காமல் வெளியே சொன்னார். உதவியாளர்களின் துணையோடு மேலும் ஒரு பருவகாலம் அணியோடு நின்றார். 2016இல் 64ஆவது வயதில் காலமானார்.

பதக்கம் மறைத்த காயங்கள்

"வென்றபடியால்தானே அவரைப் பற்றிப் பேசுகிறோம்" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். வெற்றி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வெல்ல முயலாத பயிற்சியில் பிள்ளைக்கு உற்சாகமும் வராது. ஆனால் வெற்றியை மட்டும் பார்த்துவிட்டு மற்றதற்குக் கண்ணை மூடிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே நாட்டில் உதாரணம் உண்டு.

அமெரிக்கப் பெண்கள் ஜிம்னாஸ்ரிக் அணி 2012இலும் 2016இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றது. அந்த அணியின் வைத்தியராக நீண்ட காலம் இருந்த லரி நாசர் சிறுமிகளைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாக்கி வந்தார். 2018 ஜனவரியில் அவருக்குத் தண்டனை வழங்கப்பட்டபோது, 150க்கும் மேற்பட்ட பெண்கள் தமக்கு நேர்ந்ததை நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னார்கள். சிலர் சிறுவயதிலேயே பெரியவர்களிடம் முறையிட்டும் யாரும் நம்பவில்லை. பதக்கங்கள் வந்துகொண்டிருந்த இடத்தில் பிள்ளைகளின் குரல் எடுபடவில்லை.

நம்மவர் ஒருவர்

நமது நாட்டில் தர்ஜினி சிவலிங்கத்தை அறியாதவர் குறைவு. யாழ்ப்பாணத்தில் பிறந்த இவரது உயரம் 208 சென்ரிமீற்றர். சிறுவயதில் இந்த உயரமே கேலிக்கு உள்ளாகியது. பின்னர் அதுவே இலங்கை அணியின் பலமாகியது. 2009, 2018, 2022ஆம் ஆண்டுகளில் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டச் சம்பியனாகியபோது அவர் அணியில் இருந்தார். ஊரார் குறையாகப் பார்ப்பதைப் பலமாகப் பார்க்கத் தெரிந்த ஒருவர் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் தேவை. நல்ல பயிற்றுவிப்பாளர் அப்படிப்பட்டவர்.

தாய்மார் கவனிக்க வேண்டியவை

வலைப்பந்தாட்டத்தில் களத்தில் நிற்பவர்கள் ஏழு பேர். ஓரத்தில் காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. பயிற்றுவிப்பாளர் அவர்களை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். தண்ணீர் தூக்கவும் பந்து பொறுக்கவும் மட்டும்தானா, அவர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறாரா?

தோற்ற நாளில் அவர் பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறார்? பிழையைத் திருத்துவது வேறு, பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவது வேறு. இழப்புகளைக் கண்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு பெரிது.

பரீட்சைக் காலத்தில் பயிற்சியைக் குறைக்கிறாரா? பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரிக்கிறாரா?

உடலைப் பற்றி அக்கறை உண்டா? பாய்ந்து இறங்கும் விளையாட்டுகளில் முழங்கால் சவ்வு கிழிவது ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே கூடுதலாக ஏற்படுகிறது. முழங்காலை மடித்து இறங்கப் பழக்குவதும், விளையாட முன் உடலைச் சூடாக்குவதும் அவசியம். மாதவிடாய் நாட்களில் பிள்ளை கூச்சமின்றிச் சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், பிள்ளைகள் யாரோடு வீடு திரும்புவார்கள், வெளியூரில் தங்கினால் பெண் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். நல்லவர் இக்கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும், பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கும் அழைத்து உதவி கேட்கலாம்.

இன்னொரு விடயமும் தெரிந்திருக்க வேண்டும். உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி பெற்று, விளையாட்டில் தேசிய மட்டத்தில் சிறந்து விளங்கும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழக விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு உண்டு. அதற்குச் சான்றிதழ்கள் வேண்டும். அவற்றைப் பத்திரமாகப் பெற்றுக்கொடுப்பதும் பயிற்றுவிப்பாளரின் கடமையே.

எல்லாப் பிள்ளைகளும் நாட்டுக்காக ஆடப்போவதில்லை. பலருக்குப் பாடசாலையோடு ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் பத்து ஆண்டுகளின் பின்னர் அந்தப் பிள்ளை தன் படிப்பை முடித்து, தன் உழைப்பில் நின்று, அநியாயத்தைக் கண்டால் வாய் திறந்து பேசுகிறவளாக இருந்தால், அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் வென்றவரே. அலுமாரியில் கிண்ணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆகவே சகோதரிகளே, மகள் விளையாடக் கேட்டால் பயத்தினால் மாத்திரம் மறுத்துவிடாதீர்கள். ஒரு பின்னேரம் மைதானத்துக்குப் போய், பயிற்சி முடியும்வரை நின்று பாருங்கள். ஆசிரியையோடு நாலு வார்த்தை பேசுங்கள். அதன் பின்னர் முடிவெடுங்கள்.