‘விம்’மை மூடினால் பழைய திரை வருது... கரன்ட் போனால் மட்டும் ஏன் வரலை?

திண்டுக்கல் நாகல் நகரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியூரில் இருக்கும் அலுவலக சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் மூலம் நுழைந்து, கறுப்புத் திரையில் ஓடும் ஒரு புரோகிராமில் பில் விவரங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார். 40 வரி முடிச்சாச்சு. இன்னும் ‘சேவ்’ கொடுக்கலை. படக்கென்று கரன்ட் கட். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. வைஃபை ரவுட்டருக்கு ஏது? கரன்ட் வந்து மறுபடி உள்ளே போய்ப் பார்த்தால், டாலர் குறியும் மினுங்கும் கர்சரும் மட்டும்தான்.

ஆனால் இதே டெர்மினலில் ‘விம்’ எடிட்டரைத் திறந்து மூடினால், முன்பு இருந்த திரை ஒரு எழுத்துகூடக் குறையாமல் திரும்பி வந்துவிடுகிறது. அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியலை?

ஒரு திரைக்குப் பின்னால் இன்னொன்று

இன்றைய டெர்மினல் செயலிகளில் பெரும்பாலானவை இரண்டு திரைகளை வைத்திருக்கின்றன. நாம் கமாண்ட் அடிப்பது ஒன்றில். இன்னொன்று ‘மாற்றுத் திரை’. விம் தொடங்கும்போது 1049 என்ற எண் கொண்ட ஒரு கட்டளைக் குறியீட்டை அனுப்புகிறது. உடனே டெர்மினல் பழைய திரையை ஓரமாக வைத்துவிட்டு, காலியான மாற்றுத் திரையைக் காட்டுகிறது. மூடும்போது அதே எண்ணில் இன்னொரு குறியீடு. பழையது முன்னால் வந்துவிடும். உங்கள் போனில் ‘டெர்மக்ஸ்’ இருந்தால் இப்பவே செய்து பார்க்கலாம்.

கவனியுங்கள், இங்கே திரையைக் காப்பாற்றியது விம் இல்லை, டெர்மினல். அந்த டெர்மினல் ஜன்னலை மூடினால் இரண்டு திரையும் காலி.

‘கர்சஸ்’ என்ன செய்கிறது?

பெட்டி, மெனு, ஃபார்ம் என்று எழுத்துகளாலேயே திரை வரையும் புரோகிராம்கள் பலவற்றுக்கு அடிப்படை ‘கர்சஸ்’ என்ற நூலகம். 1980 வாக்கில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கென் ஆர்னால்ட் எழுதியது. ‘ரோக்’ என்ற பாதாளக் குகை விளையாட்டு அதைப் பிரபலமாக்கியது. இன்று லினக்ஸில் இருப்பது அதன் வாரிசான ‘என்கர்சஸ்’.

அந்தக் காலத்தில் டெர்மினல் இணைப்பு ரொம்ப மெதுவு. 80 பத்தி, 24 வரி என்றால் ஒரு திரைக்கு 1,920 எழுத்துகள். நொடிக்குச் சுமார் 30 எழுத்து மட்டுமே போகும் 300 பாட் மோடத்தில் முழுத்திரையை வரைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்! அதனால் கர்சஸ் ஒரு வேலை செய்தது. ‘இப்போது திரையில் இருப்பது இது’, ‘இருக்க வேண்டியது இது’ என்று இரண்டு பிரதிகளை மெமரியில் வைத்துக்கொண்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பியது.

திரையைச் சேமிக்கும் வசதியும் இந்தப் பிரதிகளை நம்பித்தான் இருக்கிறது. ‘எஸ்சிஆர் டம்ப்’ என்ற ஃபங்ஷனை அழைத்தால் மெமரியில் உள்ள திரைப் பிரதி ஒரு ஃபைலில் எழுதப்படும். ‘எஸ்சிஆர் ரெஸ்டோர்’ அதைப் படித்து ‘இருக்க வேண்டிய திரை’யாக வைக்கும், ஆனால் ‘டூ அப்டேட்’ கொடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இதை மறந்துவிட்டு ‘ரெஸ்டோர் வேலை செய்யலை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். முழுத்திரை வேண்டாம், ஒரு ஜன்னல் போதும் என்றால் ‘புட்வின்’, ‘கெட்வின்’. பைத்தானிலும் இவை உண்டு.

கர்சஸுக்குத் தெரிந்தது தான் வரைந்தது மட்டுமே. அது தொடங்குவதற்கு முன் திரையில் என்ன இருந்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

அப்போ 40 வரி?

நம்ம ஆள் கதைக்கு வருவோம். இணைப்பு அறுந்ததைச் சர்வர் உணர்ந்ததும், அந்தப் புரோகிராமுக்கு ‘ஹேங்அப்’ என்ற சிக்னல் போகிறது. தனி ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் புரோகிராம் அத்துடன் முடிந்தது.

எழுதியவர் அவ்வப்போது டம்ப் எடுக்க வைத்திருந்தாலும் திரும்பக் கிடைப்பது படம்தான். 40 வரியும் திரையில் தெரியும். ஆனால் புரோகிராமின் மெமரியில் ஒன்றும் இருக்காது. பூட்டைப் போட்டோ எடுத்து வைத்தால் சாவி கிடைத்துவிடாது என்று திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

விம்மே இதில் திரையை நம்புவதில்லை. 200 எழுத்து அடித்தாலோ, 4 நொடி சும்மா இருந்தாலோ, நீங்கள் அடித்ததை ஒரு ‘ஸ்வாப்’ ஃபைலில் எழுதி வைக்கிறது. அது சேமிப்பது தகவலை. ஃபார்ம் எழுதுகிறவர்கள் காப்பியடிக்க வேண்டியது இதைத்தான்.

டம்ப் ஃபைலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. திரையில் தெரிந்த வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். எந்தப் பூட்டும் கிடையாது. பலர் புழங்கும் சர்வரில் பொது ‘டெம்ப்’ ஃபோல்டரில், எல்லோரும் படிக்கும்படி அதைப் போட்டு வைப்பது சரியில்லை. ஃபைல் அனுமதி 600 என்று இருந்தால் உரிமையாளர் மட்டுமே படிக்க முடியும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

தமிழில் ஃபார்ம் என்றால் கூடுதல் தலைவலி. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து; யூனிகோடில் ஐந்து குறிகள். கட்டம் கட்டமாக எண்ணும் நூலகமும் எழுத்துரு வரையும் டெர்மினலும் அகலத்தை வேறு வேறாகக் கணக்கிட்டால், மீட்ட திரையில் பெட்டிக் கோடுகள் கோணலாகிவிடும்.

புரோகிராம் எழுதியவரை மாற்ற முடியாது, பயன்படுத்தியே ஆகணும் என்கிறீர்களா? சர்வருக்குள் நுழைந்ததும் முதலில் ‘டிமக்ஸ்’ என்று அடித்து, அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். 1987-ல் வந்த ‘ஸ்க்ரீன்’ என்ற கருவியும் இதே வேலையைச் செய்யும். இரண்டுமே டெர்மினலையே சர்வரில் வைத்துக்கொள்கின்றன. வீட்டில் கரன்ட் போனாலும் சர்வரில் புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப உள்ளே போய் ‘டிமக்ஸ் அட்டாச்’ என்று அடித்தால், 41-வது வரியில் கர்சர் காத்திருக்கும்.