உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து ஊர்தான், வீட்டுப் பணம் வேறு!

உத்திரமேரூர் ஒரு பேரூராட்சி. அதனால் இங்கே குடிசையை மாற்றிக் கட்ட நகர்ப்புறக் கணக்கு. 2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த மனையில் கட்டுவோருக்கு மத்திய அரசு 1.50 லட்சம், மாநில அரசு 60,000 என மொத்தம் 2.10 லட்சம் ரூபாய் தந்தன. மீதியைக் குடும்பம்தான் புரட்ட வேண்டும்.

பேரூராட்சி எல்லை தாண்டி கிராம ஊராட்சிக்குள் போனால் கணக்கே மாறிவிடும். பிரதமர் வீட்டு வசதியின் ஊரகத் திட்டம் தரும் 1.20 லட்சத்தில் மத்திய பங்கு 72,000, மாநிலப் பங்கு 48,000. கான்கிரீட் கூரைக்குத் தமிழ்நாடு தனியாகப் பணம் போட்டது. நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து 90 நாள் கூலியும் சேர்ந்தது. 2024-ல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் இன்னும் தாராளம்: 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் மனை வேண்டும். உத்திரமேரூரின் கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டும், ஊர்ச்சபைத் தேர்தலுக்கான குடவோலையில் பெயர் எழுதச் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்றது. புறம்போக்கில் வாழ்பவருக்கு இன்றும் சொந்த மனை இல்லாததுதான் பெரிய தடை. பட்டா கிடைத்த பிறகே அஸ்திவாரம், லிண்டல், கூரை எனத் தவணைப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும்.