மருந்து கேட்கிறதா?

நோயாளிக்கு மருந்து கொடுத்தாயிற்று; அது கேட்கிறதா என்று அறிய எத்தனை நாள் காத்திருப்பது? கட்டி சுருங்கும் வரையிலா? புற்றுநோய் மருத்துவர்களை நெடுநாளாக வாட்டி வரும் வினா இது. விடை உயிரணுக்களுக்குள்ளேயே, புரதங்களின்மீது பதிந்து கிடக்கிறது என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

புரதத்தின்மீது பாஸ்பேட் என்னும் சிறு இரசாயனத் தொகுதியை ஒரு நொதி ஏற்றுகிறது. வேறொரு நொதி இறக்கிவிடுகிறது. அது ஏறியதும் சில புரதங்கள் விழித்தெழும், சில உறங்கிவிடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 1950-களில் முயலின் தசையை ஆராய்ந்த எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும் கண்ட உண்மை இது. 1992-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இச்செயலுக்குக் கலைச்சொற்கள் பல வழங்குகின்றன. நாம் ‘பாஸ்பேட் ஏற்றம்’ என்றே சொல்வோம். பொருள் விளங்கினால் போதும்.

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில், ஏற்றும் நொதி ஒன்று ஓய்வின்றி ஏற்றிக்கொண்டே இருக்கிறது. இமாடினிப் என்ற மருந்து அதன் கையைக் கட்டுகிறது. ஆகவே பாஸ்பேட் குறைந்ததா என்று பார்த்தால், மருந்து வேலை செய்கிறதா என்பது புலப்படும்.

பார்ப்பதுதான் அரிது. மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. துளியளவு கிடைத்தாலும் அதனைக் கோடிப் படிகளாகப் பெருக்கிக்கொள்ளலாம். புரதத்துக்கு அவ்வழி இல்லை; கிடைத்ததை வைத்தே காரியம் முடிய வேண்டும். வழக்கமான சோதனைக்கோ பெரும்பாலும் லட்சக்கணக்கான உயிரணுக்கள் தேவை. அதற்காக நோயாளியின் உடலை அடிக்கடி அறுக்க இயலுமா? மெல்லிய ஊசியில் வருவது சிறிதே. அதுவும் வெளியே வந்தபின் இறக்கும் நொதி சும்மா இருப்பதில்லை. உடனே குளிர்வித்து, அந்நொதியைத் தடுக்கும் பொருளையும் சேர்க்காவிடில், அளக்க வேண்டிய பாஸ்பேட்டே மறைந்துபோகும்.

2006-இல் வெளியான ஒரு முறை, 25 உயிரணுக்களிலேயே இதனை அளந்து காட்டியது. பாஸ்பேட் எதிர் மின்னூட்டம் உடையது என்பதே அதன் ஆதாரம். மயிரிழை போன்ற துளையுள்ள ஒரு குழாய். அதன் கொள்ளளவு ஒரு சொட்டு நீரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு முனையில் அமிலம், மறுமுனையில் காரம். மின்சாரம் செலுத்தினால், ஒவ்வொரு புரதமும் தன் மின்னூட்டம் சமனாகும் இடம்வரை நகர்ந்து நின்றுவிடுகிறது. கிராண்ட் டிரங்க் ரயிலில் ஏறியவருள் போபால்காரர் போபாலிலும் நாகபுரிக்காரர் நாகபுரியிலும் இறங்கிக்கொள்வது போலத்தான். பாஸ்பேட் ஏறிய புரதம் ஏறாததைவிட அமில முனைக்கு அருகே நிற்கும். இரண்டு ஏறியது இன்னும் அருகே. பின்னர்ப் புற ஊதா ஒளியால் அவற்றைக் குழாய்ச் சுவரில் பிணைத்து, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைச் செலுத்தி, அதன் வாயிலாக எழும் ஒளியை அளக்கின்றனர்.

ஒரே குழாயில் ஏறியதும் ஏறாததும் அருகருகே தெரிவதால் விகிதம் கிடைக்கிறது. ஊசியில் வந்த உயிரணுக்கள் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அவ்விகிதம் பிறழ்வதில்லை. நம் கருத்தில் இம்முறையின் தலையாய சிறப்பு இதுவே. 2009-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயாளிகளிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளை இவ்வாறு ஒப்பிட்டனர்.

குறையும் உண்டு. 25 உயிரணுக்களின் சராசரியே இதில் தெரியும். அவற்றுள் ஒன்று மருந்துக்கு அடங்காமல் நின்றால் அது வெளிப்படாது. உயிரணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் குறுக்கே செலுத்திப் பார்க்கும் வேறொரு முறை அதற்கு உதவும். ஆனால் அதற்கு வழக்கமாக ஆயிரக்கணக்கில் உயிரணுக்கள் வேண்டும். கட்டியாயின், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கவும் வேண்டும்.