குடம்புளியும் உடற்பருமனும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே வானளாவ நிற்பது ஏலமலை. அம்மலை அடங்கிய மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குடம்புளி மரம் வளர்கின்றது. சிறு பூசணி போல் வரிப்பள்ளங்கள் அமைந்த அதன் கனித்தோலை உலர்த்தி, மலையாள நாட்டார் மீன் குழம்பிற் சேர்ப்பர்.

அப்புளிப்பிற்குக் காரணம் யாது? அஃது ஐதராக்சி சிட்ரிக் அமிலமே என்பதனை லூயிசு, நீலகண்டன் என்னும் அறிஞர் இருவர் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாவுப்பொருள் கொழுப்பாக மாறத் துணைபுரியும் நொதி ஒன்றை அவ்வமிலம் தடுப்பதும் பின்னர்ப் புலனாயிற்று. நாளடைவில் வணிகர் குடம்புளிச் சாற்றோடு சிறுகுறிஞ்சான் சாறு, குரோமியச் சத்து முதலியவற்றைக் கூட்டி, உடல் மெலிய மருந்தென விற்கலாயினர்.

ஆய்வுக்கூடத்தில் கண்டது மனித உடலிலும் நிகழுமா? நியூயார்க்கு நகர மருத்துவர் பருத்த உடலினர் 135 பேரை இரு பிரிவாக்கி, 12 வாரம் ஆராய்ந்தனர். ஒரு சாரார்க்குக் குடம்புளிச் சாறும், மறு சாரார்க்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்தனர்; இரு சாரார்க்கும் உணவைக் குறைத்தனர். இரு சாராரும் மெலிந்தனர். சாறு உண்டோர் மிகுதியாக மெலிந்திலர். இம்முடிவு 1998-இல் வெளியாயிற்று.

மூலிகை எனின் தீங்கில்லை என்று எண்ணுதலும் தவறு. பெல்ஜிய நாட்டில் 1990-களின் தொடக்கத்தில், மெலிவதற்கென உண்ட சீன மூலிகை மாத்திரைகளில் வேறொரு நச்சு மூலிகை மாறிச் சேர்ந்தமையால், நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு வருந்தினர்.

குழம்பிற் சேரும் கனி வேறு. செறிவாக்கிய சாறு வேறு. அளவறிந்த உணவும், உடலுழைப்பும், தக்க மருத்துவர் அறிவுரையுமே பருமனைக் குறைக்கும் நல்வழியாகும்.